வாசிப்புக்குத் துணைபுரியும் கருவிகள்

வாசிப்பில் இடர்ப்படும் மாணவர் அறிவில் குறைந்தவர் அல்லர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. உரிய துணைக்கருவியைத் தெரிவுசெய்யுமுன், இடர்ப்பாடு எங்குள்ளது என அறிதல் வேண்டும்.

வரி தவறிப் படிப்பவருக்கு, வரிக்குக் கீழே வைத்து நகர்த்தும் அட்டையே போதுமானதாகலாம். எழுத்துகள் நெருங்கித் தோன்றுவதால் தடுமாறுவோர்க்கு, எழுத்தளவையும் இடைவெளியையும் மாற்றத்தக்க மின்னூல் உதவும். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தொடரின் பொருளைத் தவறவிடுவோர்க்கு, உரையை ஒலியாக்கும் மென்பொருள் ஏற்றது. அம்மென்பொருள் ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்து ஒலிக்கிறதா எனவும், ஒலிக்கும் சொல்லைத் திரையில் சுட்டிக்காட்டுகிறதா எனவும் பார்த்தல் வேண்டும்.

விலை மிகுந்த கருவியாயினும் பையிலேயே கிடந்தால் பயனில்லை. மாணவர் தம் பாடப்பகுதி ஒன்றை அதன் துணையுடன் சில நாள்கள் படித்துப் பார்க்கட்டும்; அவர்க்கு எளிதாயிருப்பதே அவர்க்குரிய கருவி.