காவிரிப் படுகையில் வண்ணமீன் வளர்ப்பு: நீரும் அயல் இனங்களும்

தமிழ்நாட்டு வண்ணமீன் வளர்ப்பின் பெயர்பெற்ற மையம் சென்னைக் கொளத்தூர். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பத யோஜனா கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்பிற்கும் மானியம் அளிப்பதால், நெல்லை நம்பி வாழும் தஞ்சைப் பகுதிக்கும் இது துணைத்தொழிலாகத் தோன்றுவது இயல்பே. எனினும், கொளத்தூரில் விற்பவை அனைத்தையும் காவிரிப் படுகையில் வளர்த்துவிட இயலாது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். கோடையில் நிலத்தடி நீரே துணை. கடற்கரையை அடுத்த பகுதிகளிலோ அது பெரும்பாலும் உவர்நீர். டிஸ்கஸ், நியான் டெட்ரா முதலிய அமேசான் படுகை மீன்கள் இனம்பெருக்க மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும். அதனை ஆர்.ஓ. கருவியால் உருவாக்கலாம், ஆனால் கழிவாக வெளியேறும் உப்புநீர் பக்கத்து வயலுக்கே செல்லும். மோலி, கடின நீரையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்குவது. குட்டி ஈனுவதால் முட்டை பொரிப்பிக்கும் வேலையும் இல்லை. விலை குறைவு என்பது மட்டுமே அதன் குறை.

நீரைவிடச் சிக்கலானது மீன் தப்பிச்செல்லுதல். ஆறு, வாய்க்கால், வயல், குளம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று இணைந்துள்ள இந்நிலத்தில், ஒரு தொட்டியிலிருந்து வெள்ளத்தில் வெளியேறும் மீன் அவ்வூரோடு நின்றுவிடாது. தொட்டிப் பாசியைத் தின்பதற்காக விற்கப்படும் தென்னமெரிக்கச் சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பெருகியுள்ளது. முட்டையிடக் கரையைக் குடைவது அதன் இயல்பு. மண்கரைகளையே நம்பியிருக்கும் பாசனத்தில் இது மீன்வளச் சிக்கலாக மட்டும் நிற்காது. ஆகவே வடிகாலில் வலை, வெள்ளமட்டத்திற்கு மேல் உயர்த்திய தொட்டி ஆகியவற்றை மானியத்திற்கான நிபந்தனைகளாக்குவதே முறை. கொசு ஒழிப்பிற்கெனக் கப்பி மீன்களை நீர்நிலைகளில் அரசுத் துறைகளே விட்டுவந்தமை இங்கு எண்ணத்தக்க முரண்.

நாட்டு இனங்கள் இவ்வச்சத்தைப் பெருமளவு குறைக்கும். ஆரஞ்சுக் குரோமைடு என வணிகத்தில் வழங்கும் சூடெட்ரோப்ளஸ் மாகுலேட்டஸ், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ்வது. ஆணும் பெண்ணும் இணைந்து குஞ்சுகளைக் காப்பதால் தொட்டியிலேயே இனம்பெருக்கலாம். ஜெர்டன் 1849-இல் விவரித்த அருலியஸ் கெண்டையோ காவிரிப் படுகைக்கே உரியது. ஆனால் தாய்மீன்களை ஆண்டுதோறும் ஆற்றிலிருந்து பிடிப்பதாயின் பயனில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் ‘மிஸ் கேரளா’ எனும் டெனிசன் கெண்டை அருகியமைக்கு, ஏற்றுமதிக்காக அதனைப் பெருமளவில் பிடித்தது முக்கியக் காரணம். ஒருமுறை பிடித்த தாய்மீன்களிலிருந்து தலைமுறைகளைப் பேணி, உட்கலப்பைத் தவிர்த்து, குஞ்சுகளை மட்டும் விற்கும் பண்ணையே நிலைக்கும். தனி வளர்ப்பாளர் ஒருவரால் அத்தகைய தாய்மீன் இருப்பைப் பேணுதல் அரிது. நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனமே அதனை ஏற்க வேண்டும்.