ரெஃப்பா, ரியாக்டிவ்வா?

ஸகாத் கணிக்கும் இணையப் பக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். நிஸாபை அடைந்து ஓராண்டு பூர்த்தியான சேமிப்பு 40 இலட்சம் ரூபா எனில், அதன் 2.5 சதவீதமான ஓர் இலட்சம் ரூபா ஸகாத்தாகும். சேமிப்பை 60 இலட்சமாக மாற்றினால், திரையில் ஸகாத்தும் உடனே ஒன்றரை இலட்சமாக மாற வேண்டும். தரவோடு திரையையும் சேர்த்து மாற்றித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகங்களுள் ஒன்று வியூ. எவன் யூ என்பவர் 2014இல் வெளியிட்ட இதன் மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. அதில் தரவை வைத்திருக்க ரெஃப், ரியாக்டிவ் என இரு வழிகள் உள்ளன.

சாதாரண மாறியொன்றின் பெறுமானம் மாறியதை ஜாவாஸ்கிரிப்ட் யாருக்கும் அறிவிப்பதில்லை. ஆனால் ஒரு பொருளின் பண்பு வாசிக்கப்படுவதையும் எழுதப்படுவதையும் இடைமறித்து அறியலாம். இரு வழிகளும் இதிலேயே தங்கியுள்ளன.

ரெஃப், பெறுமானத்தை ஒரு பெட்டிக்குள் இடுகிறது. எண், சரம், பூலியன், அணி, பொருள் எதுவானாலும் ஏற்கும். செய்நிரலில் அதை எடுக்கவோ மாற்றவோ பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியிட்டு 'வெல்யூ' என எழுத வேண்டும். பக்கத்தின் வார்ப்புருவில் அது தேவையில்லை.

ரியாக்டிவ், பொருளுக்கு முன்னால் ஒரு காவலாளியை நிறுத்துகிறது. 'வெல்யூ' எழுதும் சிரமம் இல்லை. ஆனால் பொருள், அணி போன்றவற்றையே ஏற்கும். தனி எண்ணையோ சரத்தையோ ஏற்காது.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. பணம், தங்கம், வியாபாரச் சரக்கு மூன்றையும் ஒரே ரியாக்டிவ் பொருளில் வைத்திருக்கிறோம். "அழி" பொத்தானை அழுத்தியதும், அதே மாறிக்குப் புதிய வெற்றுப் பொருளொன்றைக் கொடுக்கிறோம். திரையோ பழைய காவலாளியையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் தமது தொகையை இட்டாலும் முன்னவரின் ஸகாத்தே திரையில் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பொருளிலிருந்து ஓர் எண்ணை மட்டும் தனி மாறிக்கு எடுத்தாலும் இவ்வாறே தொடர்பு அறுந்துவிடும். கையில் இருப்பது வெறும் பிரதி.

ரெஃப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பெட்டி அப்படியே இருக்க, உள்ளே இருப்பதை முழுமையாக மாற்றலாம், திரையும் மாறும். பெட்டிக்குள் பொருளை வைத்தால் அதன் உட்பண்புகளின் மாற்றமும் கவனிக்கப்படும்.

ஆகவே முதல் தெரிவு ரெஃப்பாக இருக்கட்டும். வியூவின் உத்தியோகபூர்வ வழிகாட்டியும் இதையே பரிந்துரைக்கிறது. ஒன்றாகவே இருக்கும், ஒருபோதும் முழுதாக மாற்றப்படாத விபரத் தொகுதிகளுக்கு ரியாக்டிவ் பொருந்தும்.

சில எழுத்துகளை மிச்சப்படுத்துவதைவிடச் சரியான தொகையைக் காட்டுவதே முக்கியம். திரையில் தெரியும் எண்ணை நம்பித்தான் ஒருவர் தம் கடமையை நிறைவேற்றுகிறார். அந்த எண் செய்நிரல் எழுதுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.