128 பேர் மோதியும் சூடுபிடிக்காத சண்டை... ‘பேட்டில்ஃபீல்ட் 2042’ சறுக்கியது ஏன்?

2021 நவம்பரில் ‘பேட்டில்ஃபீல்ட் 2042’ வெளியானபோது அதிகம் பேசப்பட்ட எண் 128. முந்தைய பாகங்களில் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 64 பேர்தான். கணினியிலும் புதிய கன்சோல்களிலும் அது இரு மடங்கானது. ஆள் கூடினால் சண்டையும் கூடும்தானே? அங்கேதான் கணக்கு தப்பியது.

ஆட்களுக்கு ஏற்ப மேப்பையும் இழுத்து விரித்தார்கள். வெட்டவெளியில் மூச்சிரைக்க ஓடினால், பாதி வழியில் எங்கிருந்தோ ஒரு குண்டு. ஆள் காலி. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டம். துப்பாக்கி விளையாட்டா, ஓட்டப்பந்தயமான்னு கேட்கத் தோணுமா, இல்லையா?

அதைவிடப் பெரிய அடி வேறு. ஆளுக்கொரு வேலை என்பதுதான் இந்தத் தொடரின் உயிர். மருத்துவர் காப்பாற்றுவார், பொறியாளர் டாங்கியைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பிரிவுகளைத் தூக்கிவிட்டு, யாரும் எந்த ஆயுதத்தையும் எடுக்கலாம் என்று ‘ஸ்பெஷலிஸ்ட்’களைக் கொண்டுவந்தார்கள். இரு அணியிலும் அதே முகங்கள். நம்மாளா, எதிரியா என்றே குழப்பம். குழுவோடு பேச விளையாட்டுக்குள் வாய்ஸ் சாட்கூட ஆரம்பத்தில் இல்லை!

2022-ல் ‘பிரேக்த்ரூ’ ஆட்டத்தை 64 பேருக்குக் குறைத்தது டைஸ் நிறுவனம். பழைய பிரிவுகள் திரும்பி வர 2023 ஆகிவிட்டது. அதற்குள் பலர் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தார்கள்.