பாதி ஆட்டங்கள் முடிந்த பின்

சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாட்கள் கழிந்து, பெரம்பலூரைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் அகன்று நிலம் வெறுமையாய்க் கிடக்க, அரியலூர்ப் பக்கத்திலோ கோடை மாரி என்ற பேதம் பாராமல் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமெண்ட் ஆலைகளை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில், இவ்விரு ஜில்லாக்களின் தேநீர்க்கடைகளிலும் சலூன்களிலும் கிராமத்து மரத்தடி மேடைகளிலும் மற்ற எல்லாப் பிரஸ்தாபங்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரே விஷயம் முன்னுக்கு வந்து நிற்கிறது. ஐ.பி.எல். போட்டியில் பாதி ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இனி எந்த நான்கு அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழையப் போகின்றன?

போட்டி தொடங்குகிற வாரத்தில் அபிமானிகள் பேசுவதெல்லாம் பெருமிதம். இறுதி ஆட்டத்தன்று அவர்கள் பேசுவதெல்லாம் பிரார்த்தனை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நடுப்பருவத்திலேதான், நடந்து முடிந்தவற்றை மறைக்கவும் முடியாமல், நடக்கப் போகிறவற்றைப் பற்றி நிச்சயமாக ஒன்றும் சொல்லவும் முடியாமல், மனிதன் தன் ஆசையைப் புத்தியின் துணைகொண்டு நடத்திச் செல்ல வேண்டிய அவசியம் ஏற்படுகிறது. விளையாட்டு அபிமானம் என்பது வெறும் கூச்சல் என்று எண்ணுகிற பெரியவர்கள், ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை பெரம்பலூர் நான்கு ரோட்டிலோ ஜெயங்கொண்டம் கடைவீதியிலோ சற்று நேரம் நின்று கேட்பார்களானால், அங்கே நடைபெறும் வாக்குவாதத்தில் ஸ்மரணையும் கணிதமும் தர்க்கமும் எவ்வளவு சிரத்தையோடு பிரயோகமாகின்றன என்பதைக் கண்டு தங்கள் அபிப்ராயத்தை மாற்றிக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும் மைதானம் எதுவும் இந்தப் பிரதேசத்தில் கிடையாது. சேப்பாக்கம் போய் ஓர் ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டு திரும்புவது, டிக்கெட் கிடைக்கும் பாக்கியமும் கையில் பணமும் ஒருங்கே வாய்த்த சிலருக்கே கைகூடும் காரியம். வற்றிய ஏரிகளிலும் பள்ளிக்கூடத் திடல்களிலும் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் பிள்ளைகளே இங்கே அதிகம். அப்படி டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த சேலம் ஜில்லாச் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணி வரைக்கும் சென்றுவிட்டதைக் கண்ட பிறகு, அந்தப் பிள்ளைகளின் பேச்சிலே ஒரு புதிய தைரியம் ஏறியிருக்கிறது. பெரும்பான்மையோர் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் கட்சியைச் சேர்ந்தவர்களே. எனினும் கோலியின்மேல் கொண்ட பற்றினால் பெங்களூருக்காரர்களாகவும், ரோகித்தின் பொருட்டு மும்பைக்காரர்களாகவும், நடராஜன் பந்து வீசிய காலத்திலிருந்து ஹைதராபாத்துக்குப் பரிந்து பேசுபவர்களாகவும் இருப்போர் ஒவ்வொரு கடையிலும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் விவாதமே இல்லை.

"பதினாறு பாயிண்ட் வந்தா போதும்டா மாப்ளே, தல உள்ள கொண்டுபோய் விட்டுருவாப்ல" என்று ஒருவன் சொன்னால், "எங்கேருந்து வரும்? மீதி ஏழுல ஆறு ஜெயிக்கணும், கணக்குத் தெரியுதா உனக்கு?" என்று மற்றவன் கேட்கிறான். கணக்கு அவனுக்குத் தெரியும். அணிகள் பத்து, ஒவ்வோர் அணிக்கும் லீக் ஆட்டங்கள் பதினான்கு, ஜயித்தால் இரண்டு புள்ளி, மழையால் ஆட்டம் நின்றுபோனால் ஒன்று. புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட் என்னும் இரண்டாவது தராசு வருகிறது: பருவம் முழுவதிலும் ஓர் ஓவருக்குத் தான் எடுத்த ரன்களின் சராசரியிலிருந்து, ஓர் ஓவருக்குத் தான் கொடுத்த ரன்களின் சராசரியைக் கழித்தால் வருவது அது. பதினைந்தாவது ஓவரிலேயே பத்து விக்கெட்டும் விழுந்துவிட்ட அணிக்கும் இருபது ஓவர் ஆடியதாகவே கணக்கு வைக்கப்படும் என்ற நுட்பத்தை, கல்லூரிப் படிப்பின் வாசனையே அறியாத லாரி கிளீனர் ஒருவர் தம் தோழருக்கு விரல் மடக்கி விளக்குவதை நான் கேட்டிருக்கிறேன். ஆடி மழையை நம்பி உழுது, ஆவணிக்குமேல் விதைத்து, ஐப்பசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு 'இன்னும் இரண்டு மழை விழுந்தால்' என்று பேசிப் பழகிய மானாவாரிக் குடியானவனின் மகனுக்கு, 'இன்னும் இரண்டு ஆட்டம் ஜயித்தால்' என்ற பேச்சு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

சென்னைக்காரர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக முதலில் எடுத்து வைப்பது 2010ஆம் ஆண்டை. அந்தப் பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்ற சென்னை அணி, மிச்சமிருந்த ஏழில் ஐந்தை வென்றது. ஏப்ரல் 18ஆம் தேதி தர்மசாலாவில் பஞ்சாபுக்கு எதிராக, தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற நிலையிலே, கடைசி ஓவரில் 16 ரன் வேண்டியிருக்க, இர்ஃபான் பதான் வீசிய நான்கு பந்துகளிலேயே தோனி அதை முடித்துவிட்டுத் தம் ஹெல்மெட்டைத் தாமே குத்திக்கொண்ட காட்சியை, அப்போது பிறந்திராத சிறுவர்கள்கூட நேரில் கண்டவர்களைப்போல் வர்ணிக்கிறார்கள். 14 புள்ளிகளோடு நான்கு அணிகள் நின்ற அந்த வருஷத்தில் சென்னை ரன் ரேட்டால் உள்ளே நுழைந்து, மும்பையை இறுதி ஆட்டத்தில் வென்று முதல் கோப்பையை அடைந்தது. மும்பைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2014இல் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, கடைசி லீக் ஆட்டத்தில் ராஜஸ்தானின் 189 ரன்னை 14.3 ஓவருக்குள் கடக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், அந்தப் பந்தில் ஸ்கோர் சமன் மட்டுமே ஆக, அடுத்த பந்தில் எல்லைக்கோட்டைத் தாண்ட அடித்தாலும் போதும் என்று தெரியவந்து, ஆதித்ய தாரே அந்த ஒரு பந்தைச் சிக்ஸருக்கு அனுப்பிய கதையை அவர்கள் சொல்வார்கள்.

ஆயினும் இவ்வட்டாரத்தில் இன்றளவும் ஆறாத விவாதம் 2024 மே 18ஆம் தேதியைப் பற்றியது. முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றிருந்த பெங்களூர் அணியை, நடுப்பருவத்தில் எல்லாரும் பட்டியலிலிருந்து மனத்தளவில் அழித்துவிட்டிருந்தார்கள். அந்த அணி அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களை வென்று, கடைசி லீக் ஆட்டத்தில் சின்னசாமி மைதானத்தில் சென்னையை எதிர்கொண்டது. பெங்களூர் 218 ரன் எடுத்தது. சென்னை ஜயிக்க வேண்டுமென்றால் 219. ஆனால் தோற்றாலும் 201 எடுத்துவிட்டால் ரன் ரேட்டின் தயவால் பிளே-ஆஃப் உறுதி. தோல்விக்குள்ளேயே ஒரு ஜயம் ஒளிந்திருக்கக்கூடிய இத்தகைய ஸ்திதி வேறு எந்த விளையாட்டில் வருமோ நான் அறியேன். கடைசி ஓவரில் 17 ரன் தேவை. யஷ் தயாள் வீசிய முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் கேட்ச் கொடுத்து வெளியேறினார். பிறகு ஒரு ரன். எதிரே நின்ற ஜடேஜாவின் மட்டையில் கடைசி இரண்டு பந்துகளும் படவில்லை. சென்னை 191இல் நின்றது. இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள். ரன் ரேட்டில் பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. அந்தச் சிக்ஸர் மைதானத்துக்கு வெளியே போனதால்தான் ஈரப்பந்துக்குப் பதில் உலர்ந்த பந்து வந்து தயாளுக்கு அனுகூலமாயிற்று என்பது ஒரு கட்சி. அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு அழுவதில் பயனில்லை, பருவத்தின் நடுவில் சேப்பாக்கத்திலேயே கோட்டைவிட்ட ஆட்டங்களைக் கணக்கில் எடு என்பது மற்றொரு கட்சி. என் அபிப்ராயம் இரண்டாவது கட்சியின் பக்கம். மே மாதம் அழப்போகிற அழுகையை ஏப்ரல் மாதமே நிர்ணயித்துவிடுகிறது. நடுப்பருவத்து விவாதத்துக்கு உள்ள கௌரவமும் அதனால் வந்ததே.

அந்த விவாதம் மனிதனுக்குப் போதிக்கும் விசித்திரமான பாடம் ஒன்று உண்டு. தன் அணி உள்ளே போக வேண்டுமானால், தான் வெறுக்கிற அணி ஒன்று ஜயிக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்பும்படி அது அவனை வற்புறுத்துகிறது. 2022 மே 21ஆம் தேதி டெல்லியை மும்பை வென்றால்தான் பெங்களூருக்கு வழி என்ற நிலைமை வந்தபோது, பெங்களூர் அபிமானிகள் அன்று ஒரு நாள் நீல நிறம் பூண்டு மும்பைக்காகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். டிம் டேவிட் 11 பந்துகளில் 34 ரன் அடித்து அவர்களுக்கு வழி திறந்துவிட்டார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2023 மே 21ஆம் தேதி, கோலி சதம் அடித்தும் கில் பதிலுக்குச் சதம் அடித்துக் குஜராத் பெங்களூரை வீழ்த்தியபோது, அந்த முடிவினால் உள்ளே நுழைந்தது மும்பை. பகையென்றும் உறவென்றும் வாரத்துக்கு வாரம் மாறும் இந்தப் பட்டியலைப் படிக்கத் தொடங்கியவன், தன் ஓர் அணியை மாத்திரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. லக்னோவில் பெய்யும் மழைக்கும் ஜெய்ப்பூரில் விழும் விக்கெட்டுக்கும் அவன் காது கொடுத்தே தீர வேண்டும்.

அமெரிக்காவின் பேஸ்பால் அபிமானிகளுக்கும் இதே பாடு உண்டு. அவர்களுக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். அங்கே ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஜூலை மாத நடுவில் நட்சத்திர ஆட்டக்காரர்களின் காட்சிப் போட்டிக்காகச் சிறிது ஓய்வு விட்டு, அதன்பின் ஆகஸ்டும் செப்டம்பரும் முழுக்க இந்த வழக்கு நடக்கும். 1951ஆம் ஆண்டு ஆகஸ்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு 13 ஆட்டங்களுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்த நியூயார்க் ஜயண்ட்ஸ், எஞ்சிய 44 ஆட்டங்களில் 37ஐ வென்று சமனாகி, அக்டோபர் 3ஆம் தேதி பாபி தாம்சன் அடித்த ஒரே அடியால் பட்டத்தைத் தட்டிச் சென்றதை அந்நாட்டார் இன்னும் மறக்கவில்லை. பெரம்பலூர்ச் சலூனில் 2010ஐச் சொல்லும் இளைஞனும் அந்நாட்டில் 1951ஐச் சொல்லும் கிழவரும் பேசும் பாஷை வேறாயினும் வாதம் ஒன்றே.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அரியலூர் ஜில்லாவைத் தலைகுனிய வைத்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், இந்த ஜில்லாவின் கிராமம் ஒன்றில், மது அருந்திக்கொண்டிருந்த இரு நண்பர்களிடையே கோலியையும் ரோகித்தையும் பற்றி எழுந்த பேச்சு முற்றி, ஓர் இளைஞர் கொலையுண்டார், மற்றவர் கைதானார். ஊர்க்காரர்களாய், ஒரே திடலில் பந்து விளையாடியவர்களாய் இருந்த இரு குடும்பத்துப் பிள்ளைகள். அது ஐ.பி.எல். நடக்கும் மாதமும் அன்று என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டியலைப் பற்றிய வாதத்துக்கு ஒரு நீதிபதி உண்டு. அடுத்த வாரத்து ஆட்டம் தீர்ப்புச் சொல்லிவிடும், தோற்றவன் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவான். எவர் பெரியவர் என்ற வாதத்துக்கு நீதிபதியும் இல்லை, தீர்ப்பு நாளும் இல்லை. அது வாதிப்பவனின் சொந்த மானமாக மாறிவிடுகிறது. பிள்ளைகள் விளையாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று அந்தச் செய்திக்குப் பிறகு சொன்னவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆளைப் பற்றிய பேச்சை ஆட்டத்தைப் பற்றிய பேச்சாக மாற்றிக் கொடுக்க, ஒவ்வொரு மேடையிலும் வயதில் மூத்த ஓர் அண்ணன் இருந்தால் நல்லது என்றே சொல்வேன்.

பெரம்பலூர் எல்லைக்கு அப்பால், கடலூர் ஜில்லா அரங்கூரில், ஓர் அபிமானி தம் வீடு முழுவதற்கும் மஞ்சள் வர்ணம் பூசித் தோனியின் சித்திரத்தையும் எழுதுவித்தது 2020ஆம் ஆண்டில். சென்னை அணி தன் சரித்திரத்தில் முதன்முறையாகப் பிளே-ஆஃபுக்குள் நுழையத் தவறிய வருஷம் அது. ஜயத்தைக் கொண்டாட வர்ணம் பூசுவோர் அநேகர். பட்டியலின் அடிப்பகுதியில் அணி கிடக்கும்போது வர்ணம் பூசிய அந்த விசுவாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

2025ஆம் ஆண்டு அந்த விசுவாசம் இன்னும் கடினமான பரீட்சைக்கு உள்ளாயிற்று. மார்ச் மாதம் சேப்பாக்கத்தில் 2008க்குப் பிறகு முதல்முறையாகப் பெங்களூரிடம் தோல்வி. பிறகு தொடர்ந்து தோல்விகள். ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தோடு விலக, தோனி மறுபடி தலைமை ஏற்றும் பயனில்லாமல், ஏப்ரல் 30ஆம் தேதியே பிளே-ஆஃப் வாய்ப்பை எல்லா அணிகளுக்கும் முன்பாகச் சென்னை இழந்தது. கணக்குப் போடுவதற்கு ஒன்றும் இல்லாத அந்த மே மாதத்தில் அபிமானிகள் வாய் மூடிக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 ரன் அடித்தான். அடுத்த வருஷத்துக்கு அவன் போதுமா என்று பேசினார்கள். அதைவிட உஷ்ணமாக, தமிழ்நாட்டுப் பிள்ளைகளான சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் சாய் கிஷோரும் ஷாருக் கானும் குஜராத்துக்கு ஆடிக்கொண்டிருக்க, சென்னையின் பெயரைத் தாங்கிய அணி அவர்களை எப்படி விட்டது என்று கேட்டார்கள். சுதர்சன் அந்தப் பருவத்தில் எல்லாரையும்விட அதிகமாக 759 ரன் குவித்தபோது, மஞ்சள் சட்டை அணிந்தவர்களே குஜராத்தின் ஆட்டங்களைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

மே 25ஆம் தேதி, பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்த சென்னை அணி, அகமதாபாத்தில் அதே குஜராத்தைச் சந்தித்தது. ஜயித்தால் குஜராத்துக்கு முதல் இரண்டு இடங்களில் ஒன்று உறுதி. சென்னை 230 ரன் அடித்து, 83 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஒரு தோல்வியினால் குஜராத் மூன்றாம் இடத்துக்கு இறங்கி, எலிமினேட்டரில் மும்பையிடம் தோற்று வெளியேறிற்று. கோப்பையைப் பெங்களூர் பதினெட்டாம் பருவத்தில் முதன்முறையாக எடுத்துச் சென்றது. அன்றைய வெற்றிக்காகக் கை தட்டியது சரியா, சுதர்சனுக்காக வருந்தியது சரியா என்று கேட்டால், மஞ்சள் கட்சிக்குள்ளேயே இன்னமும் இரண்டு பதில்கள் வருகின்றன.