கண்ணாடி ஒரு முதலீடு

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. நாற்பதைக் கடந்தவர்கள் பலர் 'வயதாகிவிட்டது' என்று கூறி இதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால், கண்ணை நம்பிப் பிழைக்கும் உழைப்பாளிக்கு இது வருமான இழப்பு.

தூரப்பார்வையும் வெள்ளெழுத்தும் ஒன்றல்ல. விழிக்கோளம் இயல்பைவிடக் குறுகியிருப்பதால், ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவிவது தூரப்பார்வை. இளமையில் விழிலென்ஸ் தன் வடிவத்தை மாற்றி இக்குறையை ஓரளவு ஈடுசெய்துவிடும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் நெகிழ்வுத்தன்மையை இழப்பதே வெள்ளெழுத்து. இது ஏறத்தாழ அனைவருக்கும் வரும். தூரப்பார்வை உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். இரண்டுக்கும் எளிய தீர்வு, குவிலென்ஸ் கண்ணாடி.

அதன் பொருளாதாரப் பயன் அளந்தறியப்பட்டுள்ளது. அஸ்ஸாமில் வெள்ளெழுத்து உள்ள 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018-இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதங்களில் மற்றவர்களைவிட 33 சதவீதம் அதிகமாக இருந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இத்தகைய பலன் தரும் முதலீடுகள் அரிது.

திருப்பூரின் தையல் தொழிலாளிக்கும் காஞ்சிபுரத்தின் நெசவாளிக்கும் இது பொருந்தும். செய்த வேலைக்கேற்பக் கூலி பெறுவோருக்குப் பார்வை மங்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கூலி குறையும். பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் நம் அரசு, பணியிடங்களுக்கும் கண் பரிசோதனையைக் கொண்டுசெல்ல வேண்டும். தொழிலாளியின் கண்ணாடிக்கான செலவை ஆலை உரிமையாளர்கள் ஏற்பது, அவர்களுக்கே ஆதாயம்.

தனிமனிதர் கடமையும் உண்டு. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்பது தவறான நம்பிக்கை. அணிந்தாலும் அணியாவிட்டாலும் லென்ஸின் நெகிழ்வு குறையவே செய்யும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கண்ணாடி எழுத்தைக் காட்டலாம். அறிகுறியின்றி வளரும் கண் அழுத்த நோயையோ, சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பையோ காட்டாது. எனவே, நாற்பது வயதில் ஒருமுறை முழுமையான கண் பரிசோதனையும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் மறுபரிசோதனையும் அவசியம்.

முதுமையைத் தடுக்க இயலாது. ஆனால், ஒரு கண்ணாடி இல்லாத காரணத்தால் கைத்திறன் மிக்க ஒருவர் தன் தொழிலைக் கைவிடும் நிலையைத் தடுக்க இயலும்.