சந்தையில் வாங்கிய ஆடு நொண்டுகிறதா? முதல் 21 நாள் கவனிப்பு

கேள்வி: மகளிர் குழுக் கடனில் புதுக்கோட்டை வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான்கு பெட்டை வெள்ளாடுகள் வாங்கினோம். மினி வேனில் ஏற்றி வந்து வீட்டில் இறக்கியபோதே ஒன்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் இன்னொன்றும் நொண்ட ஆரம்பித்துவிட்டது. கறிக்கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வைத்திருந்து பார்க்கலாமா? வீட்டில் ஒரு கறவை மாடும் ஐந்து பழைய ஆடுகளும் இருக்கின்றன.
– வாசகி, கறம்பக்குடி வட்டம்.

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம், சகோதரி. நொண்டும் ஆடுகளில் பெரும்பாலானவை சரியான கவனிப்பில் தேறிவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது முதல் ஆடு அல்ல, மூன்றாம் நாள் நொண்டிய இரண்டாவது ஆடு. வண்டியில் அடிபட்ட ஆடு இறக்கும்போதே நொண்டும். வந்து இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டினால், சந்தையிலிருந்து நோய் ஏதும் கூடவே வந்ததா என்று பார்த்தாக வேண்டும். உங்கள் கறவை மாட்டையும் பழைய ஆடுகளையும் காப்பாற்றுவது இதில்தான் இருக்கிறது. எனவே மருந்துக்கு முன் இரண்டு வேலைகள்: தனியே பிரிப்பது, காலைத் தூக்கிப் பார்ப்பது.

முதலில் பிரித்துக் கட்டுங்கள்

புதிதாக வந்த நான்கையும், நொண்டாத இரண்டையும் சேர்த்தே, பழைய ஆடுகளுக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, தீவனக் கூடை, கயிறு எல்லாமே தனி. தினமும் பழைய கால்நடைகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகுதான் புது ஆடுகளிடம் போக வேண்டும். திரும்பி வந்ததும் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இது 21 நாள் நடக்கட்டும். காணை எனப்படும் கோமாரி நோய்க்கிருமி உடலில் புகுந்து 2 முதல் 14 நாளுக்குள் அறிகுறி காட்டும். அந்தக் கெடுவுக்கு மேலும் ஒரு வாரம் சேர்த்துத்தான் இந்த 21 நாள் கணக்கு.

கட்டும் இடம் காய்ந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்துச் செம்புறைக் கல் நிலத்தில் சரளை குத்தும். எனவே கடலைத் தோலோ, வைக்கோலோ, மணலோ பரப்புங்கள். நனைந்தால் அள்ளிவிட்டு மாற்றுங்கள். ஈரமான படுக்கையில் எந்தக் கால் புண்ணும் ஆறாது.

காலைத் தூக்கிப் பார்க்கும் முறை

சந்தையில் எல்லோரும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், முதுகை அமுக்கிப் பார்க்கிறோம். காலைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. ஒருவர் ஆட்டைச் சுவரோரம் அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் காலை முழங்கால் அளவுக்கு மடக்கித் தூக்கினால் போதும். சினை ஆட்டைக் கீழே தள்ளிப் படுக்க வைக்க வேண்டாம். குளம்பைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் இந்த வரிசையில் பாருங்கள்.

1. உள்ளங்கையால் இரண்டு பக்கக் குளம்புகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கேதான் கோளாறு.
2. குளம்பு இடுக்கை விரித்துப் பாருங்கள். முள், கல், சிவப்பு, கொப்புளம், வெள்ளைப் படலம் எது இருக்கிறது?
3. முகர்ந்து பாருங்கள். அழுகிய நாற்றம் குளம்பு அழுகலின் அடையாளம்.
4. குளம்பின் அடியைக் கட்டைவிரலால் ஆங்காங்கே அழுத்துங்கள். எந்த இடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கிறதோ, அங்கே முள்ளோ சீழோ இருக்கலாம்.
5. கணுவுக்கு மேல் மயிரை விலக்கிப் பாருங்கள். கட்டிய கயிறு அறுத்த காயம் மயிருக்குள் மறைந்திருக்கும். அறுந்த கயிற்றின் இழையே உள்ளே புதைந்திருப்பதும் உண்டு.
6. கடைசியாக வாயைத் திறந்து ஈறு, நாக்கு, உதட்டின் உட்புறம் பாருங்கள். கால் நோய்க்கு வாயை ஏன் பார்ப்பது என்று கேட்கலாம். காணையைப் பிரித்து அறிய அதுதான் வழி.

பார்த்ததை வைத்து என்ன முடிவு?

ஒரே கால், திடீர் நொண்டல், வாய் சுத்தம், தீவனம் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் காயம்தான். சீமைக் கருவேல முள், வண்டித் தளத்தின் இடுக்கில் சிக்கிய கால், நான்கு காலையும் சேர்த்துக் கட்டிய கயிறு, ஒன்றின் மேல் ஒன்று மிதித்தது என இதற்குக் காரணங்கள் பல.

குளம்பு இடுக்கில் நாற்றம், குளம்பு ஓடு கழன்று நிற்பது, முன்னங்கால் முட்டியை ஊன்றி மேய்வது ஆகியவை குளம்பு அழுகல். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், சேறான பட்டிகளில் இது அதிகம். ஆட்டுக்கு ஆடு பரவும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஆடு, ஒன்றுக்கு மேற்பட்ட கால், காய்ச்சல், குளம்பு இடுக்கிலும் வாயிலும் கொப்புளம் அல்லது புண் என்றால் காணையாக இருக்கலாம். மாட்டில் எச்சில் ஒழுகி நோய் வெளிப்படையாகத் தெரியும். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் பல சமயம் நொண்டலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால்தான் நொண்டும் ஆட்டின் வழியாக மாட்டுக் கொட்டிலுக்குள் காணை நுழைந்துவிடுகிறது. சந்தேகம் வந்த அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். ஆட்டைச் சந்தைக்கோ கறிக்கடைக்கோ ஓட்டாதீர்கள். அது அடுத்தவர் கொட்டிலுக்கு நோயை அனுப்புவதாகிவிடும்.

செம்மறியில் மூக்கு, உதடு வீங்கி, குளம்பின் மேல் விளிம்பு சிவந்து, நாக்கு நீலம் பாய்ந்தால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். கொசுவை விடச் சிறிய கடி ஈக்கள் பரப்பும் நோய் இது. மழைக்காலத்தை ஒட்டி வரும்.

விருந்துச் சோறோ, நெல்லோ, அரிசியோ அளவுக்கு மீறித் தின்ற ஆடு மறுநாள் நான்கு காலிலும் தடுமாறினால், வயிற்றில் புளிப்பு ஏறியதன் விளைவு அது. குளம்புக்கு மருந்து போட்டுப் பயனில்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட். நிழலில் நிற்கும் ஆட்டுக்கு 104-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம்.

காயத்துக்கு வீட்டுக் கவனிப்பு

முள்ளோ கயிற்றிழையோ உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாது. கொதிக்க வைத்த இடுக்கியால் அதை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கலந்து, காயத்தை நன்றாகக் கழுவுங்கள். துடைத்து உலர்த்திய பின் போவிடோன் அயோடின் மருந்தைத் தடவுங்கள். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது.

ஆழமான காயமாக இருந்தால் சுத்தமான பருத்தித் துணியால் கட்டுப் போடலாம். கட்டுக்கு மேல் கால் வீங்கினால் இறுக்கம் அதிகம் என்று பொருள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரித்துப் பாருங்கள். பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டி அப்படியே விடாதீர்கள். காற்றுப் புகாத ஈரத்தில்தான் அழுகல் கிருமி பெருகும்.

குத்திய காயத்துக்கு ரணஜன்னித் தடுப்பு தேவைப்படும். அது மருத்துவர் போட வேண்டிய ஊசி. நோய் வந்து உடல் விறைத்த பிறகு ஆட்டைக் காப்பாற்றுவது கடினம்.

நொண்டும் ஆடு நடந்து மேயாது. அகத்தி, வேலிமசால், சவுண்டல், காய்ந்த கடலைக்கொடி இவற்றில் கிடைப்பதை வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள். புண்ணால் சாகாத ஆடு பட்டினியால் இளைத்துவிடக் கூடாது.

குளம்பு அழுகலுக்கு

கழன்று நிற்கும் ஓட்டை மட்டும் கூரிய கத்தியால் சீவுங்கள். ரத்தம் வரும்வரை வெட்ட வேண்டாம். சீவிய துண்டுகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். நெல்லுக்கு அடியுரமாக இடுகிறோமே, அதே துத்தநாக சல்பேட் இங்கே மருந்தாகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கலந்து, அகலமான தட்டில் குளம்பு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, ஆட்டை 10 முதல் 15 நிமிடம் நிறுத்துங்கள். அதற்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுங்கள். தாகத்தில் மருந்து நீரைக் குடித்துவிடும். பிறகு காய்ந்த தரையில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம் செய்யலாம். மயில்துத்தத்தையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். செம்மறி வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. தாமிரம் செம்மறிக்கு எளிதில் நஞ்சாகும். மீந்த மருந்து நீரைக் குளத்திலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள்.

முற்றிய அழுகலுக்கு மருத்துவர் தரும் ஊசி தேவை. இந்த நோயின் முக்கியக் கிருமி ஆட்டின் காலை விட்டு வெளியே மண்ணில் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. எனவே நோய் ஆடு நின்ற பட்டியை இரண்டு வாரம் காலியாகப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

புழு வைத்த புண்ணும் பூச்சிமருந்தும்

வேளாண்மை அலுவலர் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். புண்ணில் புழு வைத்தால் பயிருக்கு வாங்கிய குருணை மருந்தையோ தெளிப்பு மருந்தையோ வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புழு சாகும், ஆடும் சாகலாம். பச்சைப் புண் வழியாக நஞ்சு ரத்தத்தில் கலந்து, எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி ஆடு விழும். பிழைத்தாலும் அதன் பாலிலும் கறியிலும் நஞ்சு தங்கும். மருந்து வைக்கும் உங்கள் கைக்கும் ஆபத்து. கழிவு ஆயில், பேட்டரி தண்ணீர், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைப் புண்ணில் சில நிமிடம் வைத்தால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒன்று விடாமல் எடுத்துவிட்டுக் கழுவி மருந்து போடுங்கள். ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும் என்பதால், புண்ணைத் தினமும் பார்ப்பது கட்டாயம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாயில் புண், காய்ச்சல், இரண்டாவது ஆடும் நொண்டுவது, கால் தொங்குவது, மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, தீவனம் எடுக்காமல் இருப்பது, மூன்று நாளாகியும் முன்னேற்றம் இல்லாதது: இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. அங்கே ஆடு வளர்ப்பு ஆலோசனையும் பெறலாம்.

உங்களுக்கு என் யோசனை இதுதான், சகோதரி. இரண்டாவது ஆடும் நொண்டுவதால் இன்றே மருத்துவரை அழைத்து நான்கின் வாயையும் காலையும் காட்டுங்கள். காணை இல்லை என்று அவர் சொன்னால், வெறும் முள் காயம் நாலைந்து நாளில் தேறத் தொடங்கும். குளம்பு அழுகலுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பாதி விலைக்கு இரண்டு பெட்டையைக் கொடுத்தால், அவை ஈனப்போகும் குட்டிகளும் சேர்ந்து போகும். கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். எலும்பு முறிந்து கூடாத கால், சீழ் பிடித்துக் கெட்ட மூட்டு என்று மருத்துவர் கைவிரித்தால் மட்டும் கழிப்பது பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஊசி போட்ட ஆடு என்றால், மருந்து உடலை விட்டு நீங்க அவர் சொல்லும் நாள் கழித்தே கறிக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முன், ஆட்டைப் பத்தடி நடக்க விட்டுப் பாருங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். விற்பவரின் ஊரையும் செல்பேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். வண்டித் தளத்தில் வைக்கோலோ மணலோ பரப்பச் சொல்லுங்கள். இருசக்கர வண்டியில் கால்களைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவராதீர்கள். மிருகவதைத் தடைச் சட்டம் 1960-இன்படி அது குற்றம். அதோடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காலை நீங்களே முறிப்பதும் ஆகும்.

இதே பொருளில் வந்த இன்னும் இரண்டு கேள்விகள்

வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடலாமா?

கூடாது. கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அது போட்ட கால்நடையின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்ததே காரணம். அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் ஆகியவற்றுக்கும் 2023-இல் தடை வந்துவிட்டது. மருத்துவரிடம் கேட்டால் மெலாக்சிகாம் போன்ற மாற்று மருந்தைச் சரியான அளவில் தருவார்.

பரணில் வளர்க்கும் ஆட்டுக்குக் குளம்பு வெட்ட வேண்டுமா?

ஆம். சரளை நிலத்தில் மேயும் ஆட்டுக்குக் குளம்பு தானே தேய்ந்துவிடும். பரணில் நிற்கும் ஆட்டுக்குத் தேயாமல் வளர்ந்து மடங்கி, அதற்குள் சாணமும் ஈரமும் தங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, வளர்ந்த ஓரத்தை மட்டும் சீவிவிடுங்கள். மழைக்குப் பின் குளம்பு மெத்தென்று இருக்கும்போது சீவுவது எளிது.