பாட்மிண்டன் லீக்: கோஷ்டிகளின் பலமும் ஒரு பெருங்குறையும்

லீக் பந்தயம் ஒன்று துவங்குமுன், அதில் இறங்கும் கோஷ்டிகளின் பலாபலத்தை எடைபோட்டு எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். எந்தக் கோஷ்டியில் எந்தப் பிரபல ஆட்டக்காரர் இருக்கிறார், ஏலத்தில் அவருக்கு எத்தனை லக்ஷம் கொடுத்தார்கள் என்று ஜாபிதா போடுவார்கள். பெரிய பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேயே கோப்பையும் போகும் என்று ஜோசியமும் சொல்வார்கள். பந்தயம் முடிந்த பிறகு அந்த ஜோசியத்தை எடுத்துப் புரட்டிப் பார்ப்பவர் ஒருவருமில்லை. இன்று நாம் அதைச் செய்ய விரும்புகிறோம். 2013 முதல் 2020 வரை நம் தேசத்தில் நடந்த ஆறு பந்தயங்களின் சரித்திரம் நம் முன் இருக்கிறது. பாட்மிண்டன் கோஷ்டி ஒன்றை எந்தத் தராசில் நிறுக்கவேண்டும் என்பது அதிலிருந்து விளங்கும். அந்தத் தராசில் வைக்கப்படாமலே ஒதுக்கப்பட்டவர் யார் என்பதும் விளங்கும்.

முதலில் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2013 ஆகஸ்டில் இந்திய பாட்மிண்டன் லீக் என்ற பெயரில் ஆறு கோஷ்டிகள் மோதின, ஹைதராபாத் வென்றது. அடுத்த இரண்டு வருஷங்கள் பந்தயம் நடைபெறவில்லை. 2016 ஜனவரியில் பிரீமியர் பாட்மிண்டன் லீக் என்ற புதுப் பெயருடன் அது மறுபடியும் எழுந்தது. அவ்வருஷம் டில்லியும், 2017-ல் சென்னையும், 2018-ல் ஹைதராபாத்தும், 2019-லும் 2020-லும் பெங்களூரும் கோப்பையைப் பெற்றன. கோஷ்டிகளின் தொகை ஆறிலிருந்து எட்டாகி, ஒன்பதாகி, 2020-ல் ஏழாகக் குறைந்தது. அவ்வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி இறுதி ஆட்டம் நடந்தது. பின்னர் கொரோனா வந்தது. பல வருஷங்கள் அரங்கம் வெறுமையாகக் கிடந்தது.

இனி பந்தய விதியைக் கவனிப்போம். விதியை அறியாமல் பலத்தைப் பேசுவது, சட்டத்தைப் படியாமல் வழக்கின் முடிவைச் சொல்வது போன்றதாகும். இரண்டு கோஷ்டிகள் சந்தித்தால் ஐந்து ஆட்டங்கள் நடைபெறும். ஆண்கள் ஒற்றையர் இரண்டு. பெண்கள் ஒற்றையர் ஒன்று. ஆண்கள் இரட்டையர் ஒன்று. கலப்பு இரட்டையர் ஒன்று. ஒவ்வொரு ஜெயத்துக்கும் ஒரு புள்ளி. பிரீமியர் லீக்கில் இதற்குமேல் ஒரு சூக்ஷ்மம் உண்டு. சீட்டாட்டத்தில் துருப்பு இருப்பது போல, ஒவ்வொரு கோஷ்டியும் ஐந்தில் ஒன்றைத் தன் துருப்பு ஆட்டம் என்று முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். அதில் வென்றால் இரண்டு புள்ளி; தோற்றால் கையிலிருப்பதில் ஒரு புள்ளி கழியும். ஆகவே துருப்பில் ஜெயத்துக்கும் தோல்விக்கும் இடையே மூன்று புள்ளி வித்தியாசம். ஒரே ஆட்டத்தில் கோஷ்டியின் தலையெழுத்து மாறிவிடக்கூடும்.

இப்போது பணக் கணக்கை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 2020 பந்தயத்துக்காக நடந்த ஏலத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் மொத்தம் 2 கோடி ரூபாய் வரை செலவழிக்கலாம். ஒருவருக்கு 77 லக்ஷத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்பது நிபந்தனை. ஹைதராபாத் அந்த 77 லக்ஷத்தைக் கொடுத்து பி. வி. சிந்துவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பெங்களூரும் அதே தொகை கொடுத்துத் தைவானின் டாய் ட்ஸு யிங்கை எடுத்துக்கொண்டது. கைப்பணத்தில் ஐந்தில் இரண்டு பாகத்துக்குச் சற்றே குறைவான தொகை ஒருவருக்கே போய்விட்டது. அவர் தருவதோ ஐந்தில் ஓர் ஆட்டம். அவர் தோற்கவே மாட்டார் என்று வைத்துக்கொண்டாலும், மற்ற நான்கு ஆட்டங்களை மீதிப் பணத்தில் வாங்கியவர்கள்தாமே ஆடவேண்டும்? பெரிய பெயரை மட்டும் பார்த்து ஜோசியம் சொன்னவர்கள் இக்கணக்கைப் போட மறந்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டங்களின் சாட்சியம் இன்னும் தெளிவானது. 2018-ல் ஹைதராபாத்தில் ஒலிம்பிக் வீராங்கனை கரோலினா மரின் இருந்தார். பெங்களூரில் உலகச் சாம்பியன் விக்டர் ஆக்ஸல்ஸன் இருந்தார். ஆயினும் கோப்பையைத் தீர்மானித்தது கடைசியில் வந்த கலப்பு இரட்டையர். அன்று பதினேழே வயதான சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் இந்தோனேஷியாவின் பியா ஸெபாடியாவும் வென்று ஹைதராபாத்துக்கு 4-3 என்று ஜெயத்தைத் தேடித்தந்தார்கள். 2019-ல் பெங்களூரும் பம்பாயும் மோதின, அதிலும் கடைசித் தீர்ப்பை இந்தோனேஷியாவின் அஹ்ஸான்-செட்டியவான் ஜோடியே வழங்கியது, முடிவு 4-3. 2020-ல் பெங்களூர் வடகிழக்குக் கோஷ்டியை 4-2 என்று வென்றது. சாய் பிரணீத் ஒன்று, டாய் ட்ஸு யிங் ஒன்று. மலேயாவின் சான் பெங் சூனும் கொரியாவின் ஏம் ஹே வொன்னும் கலப்பு இரட்டையர் துருப்பில் இரண்டு. வடகிழக்கு பெற்ற இரண்டு புள்ளியும் அதன் ஆண்கள் இரட்டையர் துருப்பில் வந்தவை. மொத்தம் ஆறு புள்ளிகளில் நான்கு ஜோடிகளால் வந்தவை. தொடர்ந்து மூன்று வருஷம் ஒரே விதமான தீர்ப்பு வந்தபின் இது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

அந்தத் தராசையே கையில் பிடித்து 2020-ன் ஏழு கோஷ்டிகளையும் நிறுத்துப் பார்ப்போம். பெங்களூரில் உலகின் தலைசிறந்த ஒற்றையர் வீராங்கனை ஒருபுறம். 2016 ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்ற சான் பெங் சூன் மறுபுறம். துருப்பை எங்கே வைப்பது என்று அது தயங்க வேண்டியிருக்கவில்லை. வடகிழக்கில் 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லீ யோங் டே, தாய்லாந்தின் போதின் இஸாராவுடன் கூடிநின்றார். பெரும் விலை போன பெயர் வேறு அதில் குறைவு. ஆனாலும் இறுதிவரை வந்தது. பூனாவுக்குச் சிராக் ஷெட்டியும் இந்தோனேஷிய மேதை ஹெண்ட்ரா செட்டியவானும் ஆண்கள் இரட்டையரில் கிடைத்தார்கள். கலப்புக்கு இங்கிலாந்தின் கணவன்-மனைவியான கிறிஸ், கேப்ரியல் அட்காக் ஜோடி இருந்தது. அயோத்திக் கோஷ்டியில் 2014-ல் உலகச் சாம்பியன்களான கொரியாவின் கோ சங் ஹ்யூனும் ஷின் பேக் சோலும் சேர்ந்தே இருந்தார்கள். பம்பாயும் கொரிய இரட்டையர் திறமையை நம்பியே நின்றது.

சென்னைக் கோஷ்டி சாத்விக்சாய்ராஜை 62 லக்ஷத்துக்கு வாங்கியது. இளைஞர் லக்ஷ்ய சென்னையும் சேர்த்துக்கொண்டது; இந்தோனேஷியாவின் டாமி சுகியார்தோவின் அனுபவமும் துணை நின்றது. ஓர் இரட்டையர் வீரருக்கு அவ்வளவு விலை கொடுத்தது சென்னையின் விவேகத்தைக் காட்டுகிறது. அக்கோஷ்டி அரையிறுதி கண்டது. சிந்து இருந்த ஹைதராபாத்தோ இறுதியை எட்டவில்லை. குற்றம் சிந்துவினுடையதன்று, தராசைத் தப்பாகப் பிடித்தவர்களுடையது.

இங்கே ஏல முறையின் ஒரு கோளாறையும் சொல்லாமலிருக்க முடியாது. சாத்விக்கும் சிராகும் 2019-ல் தாய்லாந்துப் பந்தயத்தில் சேர்ந்து வென்று புகழ் பெற்ற ஜோடி. ஏலம் அவர்களைப் பிரித்து ஒருவரைச் சென்னைக்கும் மற்றவரைப் பூனாவுக்கும் கொடுத்தது. இருவர் ஜோடியாவது ஒரு நாளில் நடக்கும் காரியமன்று. ஒருவர் வலைக்கருகே நிற்கையில் மற்றவர் பின்னே எங்கு நிற்பார் என்பதைத் திரும்பிப் பாராமலே அறிவதற்கு வருஷக்கணக்கில் பழகவேண்டும். வண்டி மாடுகளை வாங்குகிற குடியானவன்கூட, பழகிய ஜோடியைப் பிரித்து வாங்கமாட்டான். லீக்கின் ஏலமோ தலைதலையாக விற்றது. அதே சாத்விக்-சிராக் ஜோடி 2022-ல் தாமஸ் கோப்பையை நம் தேசம் முதன்முறை வெல்வதற்குத் துணை நின்றது. 2023-ல் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் வென்றது. ஜோடியின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிட வேறென்ன ருஜு வேண்டும்?

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு கேள்வி தானே எழுகிறது. கோப்பையைத் தீர்மானிப்பது ஜோடிகளானால், பெண்கள் இரட்டையர் எங்கே? மேலே சொன்ன ஐந்து ஆட்டங்களை வாசகர்கள் மறுபடியும் எண்ணிப் பார்க்கட்டும். ஆண்கள் ஒற்றையருக்கு இரண்டு இடம் உண்டு; பெண்கள் இரட்டையருக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்து ஆட்டங்களிலும் கோஷ்டி ஒன்றுக்கு ஏழு இடங்கள். அவற்றில் ஐந்து ஆண்களுக்கு, இரண்டே பெண்களுக்கு.

இது முதல் வருஷத்திலேயே செய்த அநியாயம். 2013-ல் பெண்கள் இரட்டையரும் ஒரு பிரிவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அதை நீக்கி, அந்த இடத்தில் இரண்டாவது ஆண்கள் ஒற்றையரை வைத்தார்கள். அதன் பலனை அனுபவித்தவர்கள் ஜ்வாலா குட்டாவும் அசுவினி பொன்னப்பாவும். 2010-ல் டில்லியில் காமன்வெல்த் தங்கமும், 2011-ல் லண்டனில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலமும் வென்றவர்கள் அவர்கள். 1983-ல் பிரகாஷ் படுகோனே பெற்ற வெண்கலத்துக்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப்பில் நம் தேசத்துக்குக் கிடைத்த பதக்கம் அதுவே. அப்படிப்பட்டவர்களின் அடிப்படை விலை 50,000 டாலரிலிருந்து 25,000 ஆகப் பாதியாயிற்று. ஏலத்தில் ஒருவர் 31,000 டாலருக்கும் மற்றவர் 25,000 டாலருக்கும் வெவ்வேறு கோஷ்டிகளுக்குப் போனார்கள். அதே ஏலத்தில் மலேயாவின் லீ சாங் வெய்க்கு 135,000 டாலர். தேசத்துக்குப் பதக்கம் கொண்டுவந்த ஆட்டத்தையே ஆட இடமில்லை என்றபின் விலை எப்படி நிற்கும்?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். தேர்ந்த பெண்கள் ஜோடிகள் போதிய அளவில் நம்மிடம் இல்லை என்பது முதல் வாதம். நீந்தத் தெரிந்தபிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பது போலிருக்கிறது இது. ஆட இடமில்லாவிட்டால் ஜோடிகள் எங்கிருந்து உண்டாகும்? காயத்ரி கோபிசந்த் 2020 லீக்கில் சென்னைக்காக ஒற்றையர் ஆடினார். அவரே 2022-லும் 2023-லும் டிரீசா ஜாலியுடன் ஜோடி சேர்ந்து ஆல் இங்கிலாந்து அரையிறுதி வரை சென்றார். அவருக்குள் இருந்த இரட்டையர் ஆட்டக்காரியைக் கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் லீக்குக்கு இருந்தது. அதன் விதியே கண்ணை மறைத்துவிட்டது.

ஜனங்கள் ஆண்கள் ஒற்றையரைக் காணவே வருகிறார்கள் என்பது இரண்டாவது வாதம். தேசத்தின் பெயரால் ஆடும் இடங்களில் இவ்வாதம் எடுபடாது. சுதிர்மன் கோப்பை 1989 முதல் நடந்துவருகிறது. அதிலும் ஐந்தே ஆட்டங்கள். ஆனால் ஐந்து பிரிவுகளுக்கும் தலைக்கு ஒன்று. ஆண்களுக்கு நான்கு இடம், பெண்களுக்கு நான்கு இடம். காமன்வெல்த் விளையாட்டின் கலப்புக் கோஷ்டிப் பந்தயமும் அவ்விதமே. 2022-ல் பர்மிங்ஹாமில் அதன் இறுதி ஆட்டத்தில் மலேயாவிடம் நாம் 1-3 என்று தோற்றோம். கடைசிப் புள்ளி போனது பெண்கள் இரட்டையரில். 2024 பிப்ரவரியில் நம் பெண்கள் கோஷ்டி ஆசியச் சாம்பியன்ஷிப்பைத் தாய்லாந்திடமிருந்து 3-2 என்று முதன்முறை வென்றது. அந்த மூன்றில் ஒன்று டிரீசா-காயத்ரி ஜோடி தந்தது. தேசம் வெல்வதும் தோற்பதும் எந்த ஆட்டத்தைப் பொறுத்திருக்கிறதோ, அந்த ஆட்டத்துக்கே தேசத்தின் லீக்கில் இடமில்லை! 2016 ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் வெள்ளி வென்ற டென்மார்க்கின் கிறிஸ்டினா பெடர்ஸன் அயோத்திக் கோஷ்டிக்காக இங்கே ஆடினார். அவருங்கூட தம் முக்கியமான ஆட்டத்தை இங்கே ஆட முடியாமல், கலப்பு ஆட்டத்தோடு திரும்பினார். நம் பெண்கள் அவரெதிரில் நின்று கற்றிருக்கக்கூடியது எவ்வளவு!

செலவு கூடும் என்பது மூன்றாவது வாதம். ஆறாவது ஆட்டம் ஒன்றைச் சேர்க்கும்படி நாம் கேட்கவில்லை. இரண்டாவது ஆண்கள் ஒற்றையரை எடுத்துவிட்டு, 2013-ல் பறித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆட்டங்கள் ஐந்தே; அரங்கம் அதுவே; நேரமும் அதுவே.

லீக் என்பது சில பிரபலஸ்தர்களின் வேடிக்கையன்று. பட்டியலின் அடியில், ஏலத்தில் சில லக்ஷங்களுக்குப் போகும் ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு வருஷத்துப் பயிற்சிச் செலவு. உலகச் சிறப்பாளர்களுடன் மூன்று வாரம் பழகும் பள்ளிக்கூடம். அப்பள்ளிக்கூடத்தின் கதவு பெண்கள் இரட்டையருக்கு மட்டும் சாத்திக்கிடப்பது நியாயமாகாது. இந்திய பாட்மிண்டன் சங்கத்துக்கு நாம் சொல்வது இரண்டே விஷயம். லீக்கை நடத்தும்போது ஐந்து பிரிவுகளுக்கும் சமமான இடம் கொடுங்கள். பழகிய ஜோடியை ஏலத்தில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வழி செய்யுங்கள். அவ்விரண்டும் நடந்தால், பந்தயத்துக்கு முந்திய ஜோசியம் எழுதுவோரும் பெயரை விட்டு ஜோடியைப் பார்க்கப் பழகுவார்கள். அப்படி ஒரு பருவம் வருமானால், கோஷ்டிகளின் பலாபலத்தை நாமும் மகிழ்ச்சியோடு எடைபோட்டு எழுதுவோம்.